தேடினால் கிடைக்காத தமிழ்ப் பக்கங்கள்

தமிழில் இணையதளம் நடத்துகிறவர்களிடம் எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறியில் பக்கம் அகப்படச் செய்யும் வேலை, என்று பேச்செடுத்தால், எழுத்தாளர்களாக இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நன்றாக எழுதினால் ஆள் தானாக வரும், இதெல்லாம் கூகுளை ஏமாற்றும் வேலை என்பது அவர்கள் எண்ணம். வணிகத்துக்காகத் தளம் நடத்துகிறவர்களோ ஓர் ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, முதல் பக்கத்துக்கு எப்போது வருவோம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில் தமிழ் இணையத்தின் நல்ல பகுதி ஒன்று தேடினால் அகப்படாமல் கிடக்கிறது. தந்திரங்கள் தெரியாததால் வந்த நிலை என்று இதை நான் நினைக்கவில்லை. ஆங்கிலத் தளங்களுக்காக எழுதப்பட்ட விதிகளை யோசிக்காமல் தமிழுக்குப் பொருத்துகிறோம். தமிழுக்கென்று செய்ய வேண்டிய அடிப்படை வேலைகளைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் எஸ்.இ.ஓ. என்ற இந்தப் பழக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தேடுபொறி ஒரு பக்கத்தை யாருக்காவது காட்ட வேண்டுமானால் அந்தப் பக்கத்துக்கு அது வந்து சேர வேண்டும், அதிலுள்ளதை எழுத்தாகப் படிக்க முடிய வேண்டும், எந்தக் கேள்விக்கு அது விடை என்று ஓரளவு விளங்க வேண்டும். நேர்மையான எஸ்.இ.ஓ. இதற்கு வழிசெய்வதோடு நின்றுவிடும். 1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, பிற தளங்கள் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புகளை அதன் மதிப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாதவருக்கு அது பெரிய வாய்ப்பு. தன் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும், அதே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட மலேசியத் தமிழரையும் எந்தப் பத்திரிகைக்கும் தெரியாது. தேடுபொறி வழியாக அவர்கள் சந்திக்க முடியும். அந்த வழியை அலட்சியத்தால் அடைத்துவிட்டு, எழுதுவது மட்டுமே என் வேலை என்று சொல்வது எழுத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் மதிப்பெண் போடும் இடத்துக்கு மதிப்பெண்ணை மட்டும் குறிவைப்பவர்களும் வந்துவிடுவார்கள். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கென்று கீவேர்டுகளை நிரப்பிய பக்கத்தை வைத்துக்கொண்டு, வாசகரை வேறு பக்கத்துக்கு அனுப்பியதுதான் காரணம். 2011 பிப்ரவரியில், அமெரிக்கக் கடைத்தொடரான ஜே.சி.பென்னிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் வருவதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. முதலிடத்தில் இருந்த அதன் பக்கங்களைக் கூகுள் பின்னுக்குத் தள்ளியது. அதே மாதம் வந்த பாண்டா என்ற மாற்றம் உள்ளீடில்லாத பக்கங்களைக் குறிவைத்தது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. மெட்டா கீவேர்டு டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இன்றும் எத்தனையோ தமிழ்த் தளங்களின் சோர்ஸைத் திறந்தால் அந்த டேகில் நீளமான சொற்பட்டியல் இருக்கிறது. கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் ஊர்ப் பெயர்களாக அடுக்குவதும், பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளான பேக்லிங்க்குகளை மொத்த விலைக்கு வாங்குவதும் இன்னும் நடக்கின்றன. செத்துப்போன தந்திரங்களுக்கு இங்கே இன்னும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இவை எல்லா மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய பிழைகள்தான் என்னை அதிகம் வருத்துபவை. அவற்றில் மூத்தது எழுத்துரு. தொண்ணூறுகளில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தன. டிஸ்கி ஒரு பக்கம், 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் ஒரு பக்கம், ஈழத்திலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் பாமினி. பாமினியில் அடித்த தமிழ், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் கிடக்கும். தேடுபொறிக்கு அது எந்த மொழியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதற்குள் பல தளங்களின் பத்தாண்டு எழுத்து பழைய எழுத்துருவிலேயே நின்றுபோய்விட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதை முன்கூட்டியே உணர்ந்த முயற்சி. டிஸ்கியில் ஏற்றிய இலக்கியங்களை யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்று சங்கப் பாடலின் ஓரடியைத் தட்டினால் முழுப் பாடலும் வந்து நிற்கிறது. தமிழில் நடந்த மிகச் சிறந்த எஸ்.இ.ஓ. வேலை எது என்று கேட்டால், அந்தச் சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் அவர்கள் செய்த இந்த மாற்றத்தைத்தான் காட்டுவேன்.

அந்தப் பிழை பழங்கதை ஆகிவிடவில்லை, பிடிஎஃப் வடிவில் தொடர்கிறது. சிற்றிதழ்கள், சங்க மலர்கள், கோயில் தல வரலாறுகள் பலவும் அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, பிடிஎஃப் ஆகி, அப்படியே தளத்தில் ஏறுகின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். புரியாத எழுத்துக் குவியல் வந்து விழும். வாசகர் தேடுவது தமிழ்ச் சொல். உங்கள் கோப்பில் இருப்பதோ அந்தக் குவியல். நிகழ்ச்சி அழைப்பிதழைப் படமாக மட்டும் போடுவதும் இதே வகை. தேதியும் இடமும் பேச்சாளர் பெயரும் படத்துக்குள் அடைபட்டுவிட, பக்கத்தில் எழுத்தாக இருப்பது 'அனைவரும் வருக' என்ற இரண்டு சொல் மட்டும். படத்திலிருக்கும் எழுத்தைத் தேடுபொறி ஓரளவு படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றாலும், அதை நம்பி ஒரு விழாவை நடத்த முடியாது. பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பானுக்கும் அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்தது முகவரி. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வேர்டுபிரஸில் ஒரு கட்டுரைக்கான ஸ்லக், அதாவது முகவரியில் அந்தக் கட்டுரையைக் குறிக்கும் பகுதி, 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். தமிழில் க, ச, ட போன்ற ஒவ்வொரு குறியும், மெய்யின் புள்ளியும், துணைக்காலும் கொம்பும் தனித்தனியாக யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 3 பைட் எடுத்துக்கொள்கின்றன. இணைய முகவரியில் ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரிகிறது. 'தஞ்சாவூர் பெரிய கோயிலின் கட்டடக் கலையும் கல்வெட்டுகளும்' என்று தலைப்பு வைத்து அப்படியே வெளியிடுங்கள். 'தஞ்சாவூர்-பெரிய-கோயிலின்' என்ற இடத்திலேயே 200 சரியாகத் தீர்ந்துவிடும். கட்டடக் கலைக்கும் கல்வெட்டுக்கும் இடமில்லை. அடுத்த வாரம் 'தஞ்சாவூர் பெரிய கோயிலின் நந்தி மண்டபம்' என்று இன்னொரு கட்டுரை போட்டால், அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசி 'ன்' புள்ளியை இழந்து, பின்னால் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். பிளாகரில் நிலை வேறு. தமிழ்த் தலைப்பை அது முகவரியில் சேர்ப்பதே இல்லை. நாமாக மாற்றாவிட்டால் 'பிளாக்-போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணும்தான் முகவரி.

இதனால் தரவரிசையில் பெரிய இழப்பு வந்துவிடாது. முகவரியில் உள்ள சொற்களுக்குக் கூகுள் மிகச் சிறிய எடையே கொடுக்கிறது. எனவே இதைக் காட்டிப் பயமுறுத்தும் ஏஜென்சிகளை நம்ப வேண்டாம். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பும்போது அந்த முகவரி சதவீதக் குறிகளும் எண்களுமாகப் பல வரிக்கு நீளும். மின்னஞ்சலில் நடுவில் உடையும். பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடமாட்டார். வெளியிடும் முன் இரண்டு மூன்று சொல்லில் ஒரு ஸ்லக்கை நாமே எழுதிவிட்டால் தீர்ந்தது. தமிழிலோ ஆங்கில எழுத்திலோ இருக்கட்டும், சுருக்கமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியான பழைய முகவரிகளை மட்டும் அழகுக்காக மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்றான 301 ரீடைரக்ட் கட்டாயம். தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று இதைச் செய்யாமல் விட்டு, வருடக்கணக்கில் பிறர் கொடுத்த இணைப்புகளை ஒரே இரவில் இழந்த தளங்கள் ஏராளம்.

கீவேர்டு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் மொழிக்கே சேதம் நேர்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். தமிழில் வீடு என்பது வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீடுகளின் என்று உருபேற்று மாறிக்கொண்டே இருக்கும். எஸ்.இ.ஓ. பிளக்இன்கள் பலவற்றுக்கு இந்த இலக்கணம் தெரியாது. கொடுத்த சொல் அதே வடிவில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, குறைந்தால் சிவப்பு விளக்கு காட்டும். விளக்கைப் பச்சையாக்க எழுதுபவர் என்ன செய்கிறார் தெரியுமா? 'முழங்கால் வலி காரணங்கள் என்ன? முழங்கால் வலி குறைய முழங்கால் வலி உள்ளவர்கள் செய்ய வேண்டியவை' என்று எழுதுகிறார். 'முழங்காலில் ஏன் வலிக்கிறது?' என்று எந்தப் பாட்டியும் கேட்கும் இயல்பான வாக்கியம் தோற்றுப்போகிறது. ஒரு சொல் இத்தனை சதவீதம் வர வேண்டும் என்று கூகுள் எங்கும் சொல்லவில்லை. கீவேர்டைத் திணிப்பது குப்பை உத்தி என்றுதான் அதன் கொள்கையில் இருக்கிறது. பிளக்இன் காட்டும் பச்சை விளக்கு அந்தப் பிளக்இன் தயாரித்தவரின் கணக்கு. கூகுளின் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் தமிழ் படிக்கும் இடங்களில் இன்று இணையமும் ஒன்று. அங்கே உருபு உதிர்ந்த வாக்கியங்களைப் பரப்புவதை என்னால் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்காக, மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று பார்ப்பதே தவறு என்று ஆகிவிடாது. அது இந்தப் பழக்கத்தின் மிகப் பயனுள்ள பகுதி. கட்டுரை முழுக்க 'நீரிழிவு' என்று எழுதியவர், வாசகர் 'சர்க்கரை நோய்' அல்லது 'சுகர்' என்று தேடுவதை அறிந்தால் முதல் பத்தியிலேயே அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதலாம். ஊர்ப் பெயர்களில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதும் நகரம் யாழ்ப்பாணத்தவருக்கும் கனடாத் தமிழருக்கும் ரொறன்ரோ. ஒரே நகரத்தைப் பற்றிய கட்டுரை, ஒரு வடிவம் மட்டுமே இருந்தால் பாதி வாசகரிடம் போய்ச் சேராமல் போகலாம். தமிழ் விக்கிப்பீடியா இதற்கு வழிமாற்றுப் பக்கங்கள் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் தளங்களில் அந்த வசதி இல்லாவிட்டாலும், இரண்டு வடிவத்தையும் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லிவிடலாம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களுக்கும் ஓரளவு இடம் கொடுக்கலாம். சமையல் குறிப்பில் உணவின் பெயரை ஒருமுறை ஆங்கில எழுத்தில் போடுவதால் தமிழ் கெட்டுவிடாது. ஆனால் தலைப்பின் பாதியை அதற்கே கொடுத்துவிடுவது அதிகப்படி.

தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். தேடல் முடிவில் தலைப்பு வெட்டப்படுவது திரையில் அது பிடிக்கும் அகலத்தைப் பொறுத்தது. ணை, றா, ஞௌ என்று அகன்று நிற்கும் நம் எழுத்துகள் சீக்கிரமே இடத்தை நிரப்பிவிடும். எனவே செய்தி தலைப்பின் முதல் நான்கைந்து சொல்லுக்குள் வந்தாக வேண்டும். நடப்பது நேர்மாறு. 'அடேங்கப்பா! இப்படி ஒரு நன்மையா? தினமும் இதைச் சாப்பிட்டால் போதும்' என்று தொடங்கினால் எதைச் சாப்பிட வேண்டும் என்பது வெட்டுப்பட்ட பகுதிக்குள் போய்விடுகிறது. தேடுகிறவருக்கும் விளங்குவதில்லை, தேடுபொறிக்கும் விளங்குவதில்லை.

தங்கம் விலைப் பக்கங்களைப் பாருங்கள். காலையில் 'இன்றைய தங்கம் விலை' என்று தேடுபவருக்கு வேண்டியது 22 காரட் ஒரு கிராம் எவ்வளவு, 8 கிராம் சவரன் எவ்வளவு, நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா என்பது. பல தளங்கள் தினம் ஒரு புதிய பக்கம் போடுகின்றன. எல்லாவற்றின் தலைப்பிலும் 'இன்றைய' இருக்கிறது. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான 'இன்று'கள் ஒன்றோடொன்று போட்டி போட, வாசகர் போன மாதத்து விலையில் போய் விழுகிறார். உள்ளே போனாலும், தங்கம் பெண்களுக்குப் பிடித்த உலோகம் என்று தொடங்கி இரண்டு பத்தி தாண்டித்தான் விலை. ஒரே நிலையான முகவரியை வைத்துக்கொண்டு தினமும் அதில் விலையை மாற்றி, மேலே தேதி போட்டு, பழைய விலைகளைக் கீழே அட்டவணையாகத் தந்தால், வாசகருக்கும் நல்லது, அந்த ஒரே பக்கம் வருடா வருடம் வலுப்பெறும். கட்டுரை நீளமாக இருந்தால்தான் மேலே வரும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. சொல் எண்ணிக்கை தரவரிசைக் காரணி இல்லை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. ஒரு நடிகரின் பெயரை ஏழெட்டு வடிவங்களில் டேக் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுப் பக்கத்தை உருவாக்குவதும் இதே பேராசையின் கிளை.

தொழில்நுட்பப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேர்டுபிரஸில் தளத்தைக் கட்டும்போது தேடுபொறிகளைத் தடுக்க டிக் செய்த பெட்டியைத் திறப்பு விழாவுக்குப் பிறகும் எடுக்காமல் விடுவது முதலாவது. தேடுபொறி எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஒரு பக்கத்துக்குத் தடை போட்டுவிட்டு, அதே பக்கத்தில் பட்டியலில் சேர்க்காதே என்ற நோஇண்டெக்ஸ் கட்டளையும் போடுவது இரண்டாவது. உள்ளே வர விடாவிட்டால் அந்தக் கட்டளையைத் தேடுபொறி படிக்கவே முடியாது. மூன்றாவது வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். விளம்பரம் மேலிருந்து இறங்கிப் படித்துக்கொண்டிருக்கும் வரியைக் கீழே தள்ளும் தளத்தை, விலை குறைந்த போனில் படிப்பவர் இரண்டாம் முறை திறக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் இந்தப் பழக்கத்தில் ஒரு குறை தீராமல் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரே நிறுவனத்தின் முடிவை நம்பியிருக்கிறோம். அதன் கணக்குமுறை முழுவதும் வெளியே தெரியாது. மாற்றம் வந்தால் நேர்மையாக நடத்தியவரும் அடிபடலாம். பணம் வந்து சேர்ந்ததும் நிலைமையை மாற்றியது. 2018-இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தபோது, தமிழில் எழுதிச் சம்பாதிக்க ஒரு வாசல் திறந்தது. அதே வாசல் வழியாக, கிளிக்குக்காக மட்டுமே எழுதப்படும் பக்கங்களும் வந்தன. அவற்றில் மருத்துவக் குறிப்புகள்தான் ஆபத்தானவை. மருத்துவர் யாரும் பார்க்காத, எழுதியவர் பெயரில்லாத பக்கம் ஒன்று 'இதைக் குடித்தால் இன்சுலின் வேண்டாம்' என்று சொல்லி மேலே வந்தால், அதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர் இருக்கிறார். இதை எஸ்.இ.ஓ. பிழை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆங்கிலப் பக்கங்களை இயந்திரத்திடம் கொடுத்து ஆயிரக்கணக்கில் தமிழாக்கிக் குவிக்கிறார்கள். தரவரிசைக்காக மொத்தமாகப் பக்கம் தயாரிப்பதை, இயந்திரம் செய்தாலும் மனிதர் செய்தாலும், 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாக விதிமீறல் பட்டியலில் சேர்த்தது. தமிழில் அந்த விதி எவ்வளவு கறாராகச் செயல்படுகிறது என்பதை, ஏதாவது ஒரு வீட்டு வைத்தியத்தைத் தேடிப் பார்க்கும் எவரும் தாமே எடைபோடலாம். இயந்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. யாரும் படித்துப் பார்க்காமல் வெளியிடுவதுதான் குற்றம்.

ஆக, என் தீர்ப்பு இது: எழுத்தைக் கண்டுபிடிக்கும்படி வைப்பது வரைக்கும் எஸ்.இ.ஓ. ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் கடமை. எழுத்தையே அதற்காக வளைக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும், தமிழ்த் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஜென்சிக்குக் காசோலை எழுதும் முன், கூகுளின் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள்; அது இலவசம். உங்கள் பக்கங்களில் எவை பட்டியலில் இருக்கின்றன, மக்கள் எந்தச் சொல்லால் தேடி வருகிறார்கள் என்பதை அதிலேயே பார்க்கலாம். பிறகு தளத்தில் இருக்கும் பழைய பிடிஎஃப்களில் ஒன்றைத் திறந்து, ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராவிட்டால், அந்த இதழின் உள்ளடக்கப் பக்கத்தையாவது, கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயருமாக, யூனிகோடில் தட்டச்சு செய்து பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஓர் இதழுக்கு அரைமணி நேர வேலைதான்.